ஒன்று, இரண்டு, மூன்று... பூனை!

அந்தரத்தில் மூன்று பூனைகள். அந்தரத்தில் ஒரு வாளித் தண்ணீர், வளைந்து நெளிந்து பாதி வழியில் நிற்கிறது. நாற்காலி, படிப்பலகை, ஓவியத் தாங்கி எல்லாமே தரையை மறந்துவிட்டன. இத்தனைக்கும் நடுவே கண்ணை உருட்டிக்கொண்டு, மீசை விறைக்க, கையில் தூரிகையோடு எகிறிக் குதிக்கிறார் ஒரு கோட்டு சூட்டு மனிதர். அவர்தான் ஓவியர் சால்வதோர் டாலி. படம் 'டாலி அட்டாமிகஸ்'. எடுத்தவர் பிலிப் ஹால்ஸ்மன், இடம் நியூயார்க், ஆண்டு 1948. கம்ப்யூட்டர் இல்லை, ஒட்டுவேலை இல்லை. பூனை, தண்ணீர், டாலி எல்லாமே ஒரே நெகட்டிவில், ஒரே நொடியில் விழுந்தவை!

இதற்கு டச்சப் செய்யாத பிரதி ஒன்றும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் அசல் விருந்து. அமெரிக்க நாடாளுமன்ற நூலகச் சேகரிப்பில் இருக்கும் அதைப் பார்த்தால் எல்லா ரகசியமும் வெளுத்துவிடும். ஓவியத் தாங்கி மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. படிப்பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பறக்கும் நாற்காலியின் காலை, படத்தின் ஓரத்திலிருந்து நீளும் ஒரு கை இறுகப் பிடித்திருக்கிறது. அந்தக் கை ஹால்ஸ்மனின் மனைவி இவோனுடையது. அவரும் புகைப்படக்காரர்தான். உலகப் புகழ் பெற்ற படத்தில் இடம் கிடைத்தும், அச்சுக்குப் போகும்போது அந்தக் கை அழிக்கப்பட்டுவிட்டது, பாவம்.

ஏன் இப்படி எல்லாவற்றையும் பறக்கவிட வேண்டும்? ஹிரோஷிமாவுக்குப் பிந்தைய காலம் அது. அணுவுக்குள் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கின்றன என்ற செய்தி டாலியைப் பித்துப் பிடிக்க வைத்திருந்தது. எதுவும் எதையும் தொடாத 'லீடா அட்டாமிகா' என்ற ஓவியத்தை அப்போது தீட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது 1949-ல். புகைப்படத்தில், பறக்கும் பூனைகளுக்கு அருகே தொங்கும் ஓவியம் அதுவேதான். ஓவியத்தில் எல்லாம் மிதக்குமென்றால் ஓவியரும் மிதக்கட்டுமே என்பது ஹால்ஸ்மனின் கணக்கு.

முதலில் வந்த யோசனைகளைக் கேட்டால் பூனைகள் தப்பித்தன என்றே தோன்றும். ஹால்ஸ்மன் பின்னாளில் சொன்ன கதைப்படி, டாலி கேட்டது ஒரு வாத்து. அதன் பின்பக்கத்தில் டைனமைட் வைத்து, அது வெடிக்கும் கணத்தில் தான் குதிப்பதாகத் திட்டம்! இது அமெரிக்கா, வாத்தை வெடித்தால் நம்மை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று ஹால்ஸ்மன் தடுத்தார். சரி, பூனைமேல் தண்ணீர் ஊற்றலாம் என்று டாலி இறங்கி வந்தார். தண்ணீருக்குப் பதில் பால் என்றும் ஒரு பேச்சு இருந்தது. கறுப்பு வெள்ளையில் பால் பளீரென்று விழும், உண்மைதான். ஆனால் போர் முடிந்து ஐரோப்பா பசியில் கிடக்கும்போது பாலை வீசியடித்தால் பார்ப்பவர் காறித் துப்புவார்கள். ஆகவே தண்ணீர். (இன்று பூனையை வீசினாலும் அதே கதிதான் என்பது வேறு விஷயம்.)

இப்போது ஸ்டுடியோவுக்குள் வாருங்கள். உதவியாளர்கள் கையில் பூனைகள், இன்னொருவர் கையில் வாளி, இவோன் கையில் நாற்காலி. ஹால்ஸ்மன் எண்ணுகிறார். ஒன்று... இரண்டு... மூன்று! பூனைகளும் தண்ணீரும் கிளம்புகின்றன. நான்கு! டாலி குதிக்கிறார். ஃபிளாஷ் வெடிக்கிறது.

அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் முழு வித்தையும். நின்ற இடத்திலிருந்து ஓரடி உயரம் எகிறும் மனிதர் காற்றில் இருப்பது மொத்தம் அரை நொடிதான். உச்சியில் அசையாமல் நிற்பதுபோல் தெரிவது அதிலும் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கில் தண்ணீர் சிதறி முடியாமலும், பூனைகள் சட்டத்தைத் தாண்டிப் போகாமலும் இருக்க வேண்டும். துளிகளை உறைய வைக்கும் வேலையை மின்னல் வேக ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும். சரியான கணத்தைப் பிடிப்பது மனிதக் கண்தான். சாதாரணப் பெரிய கேமராவில் ஃபிலிமைச் செருகியதும் பின்னாலிருக்கும் கண்ணாடியில் எதுவும் தெரியாது. ஹால்ஸ்மனிடம் இருந்ததோ 1947-ல் அவரே வடிவமைத்த இரட்டை லென்ஸ் கேமரா. நாலுக்கு அஞ்சு அங்குல ஃபிலிமை ஒரு லென்ஸ் பார்த்துக்கொள்ள, இன்னொன்று வழியாக அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சொடுக்கியதும் நேராக இருட்டறைக்கு ஓடுவார். இன்று போலப் பின்திரையில் எட்டிப் பார்க்க முடியாதே, கழுவினால்தான் தெரியும். அவர் உள்ளே ஃபிலிமைக் கழுவ, மற்றவர்கள் வெளியே தரையைத் துடைப்பார்கள், பூனைகளைத் தேடிப் பிடிப்பார்கள். சின்னப் பெண்ணான மகள் ஐரீனுக்கும் பொறுப்பு உண்டு: நனைந்த பூனைகளைத் துண்டால் துவட்டுவது. உள்ளிருந்து தலை நீட்டும் ஹால்ஸ்மன் உதட்டைப் பிதுக்குவார். மறுபடி வாளி நிறையும்.

எத்தனை முறை? 28. ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தோற்றுப்போன படங்கள்தான். ஹால்ஸ்மன் அவற்றைக் குப்பையில் போடாமல் வைத்திருந்து, கீழே குறும்பாகக் குறிப்பெழுதித் தன் புத்தகத்திலேயே போட்டார். ஒன்றில் பூனைக்குப் போக வேண்டிய தண்ணீர் டாலியின் மூஞ்சியில். இன்னொன்றில் எல்லாம் கச்சிதம், டாலி மட்டும் லேட். மற்றொன்றில் செக்ரட்டரி அம்மாள் எப்படியோ சட்டத்துக்குள் புகுந்துவிட்டார்! இருபத்தெட்டாவது முடிந்தபோது ஆட்கள் எல்லாம் நனைந்து நாறிச் சோர்ந்து கிடந்தார்களாம். பூனைகள் மட்டும் புதுசு மாதிரி இருந்ததாக ஹால்ஸ்மனே சொல்லியிருக்கிறார். ஐரீனின் துண்டுக்குக் கிடைத்த நற்சான்று என்று வைத்துக்கொள்வோம்.

வேலை அதோடு முடியவில்லை. ஓவியத் தாங்கியில் இருந்த சட்டம் காலி. அச்சிட்ட பிரதியின்மேல் அந்தக் காலியிடத்தில் டாலியே தூரிகையால் குட்டி ஓவியம் ஒன்றைத் தீட்டிக் கொடுத்தார். கம்பியும் கையும் மறைந்தன. 'லைஃப்' பத்திரிகை இரண்டு பக்கம் விரித்துப் போட்டது.

குதிப்பதில் ருசி கண்ட ஹால்ஸ்மன் அப்புறம் யாரையும் விடவில்லை. படம் எடுக்கப் போகும் இடமெல்லாம், கடைசியில் ஒரே ஒரு தடவை குதிக்கிறீர்களா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. குதிக்கும்போது கவனம் குதிப்பதில் போய்விடும், முகமூடி கழன்றுவிடும் என்பது அவருடைய வாதம். அதற்கு 'ஜம்பாலஜி' என்று பெயரும் வைத்து, 1959-ல் குதிப்பவர்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். மர்லின் மன்றோ குதித்தார். துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் வெள்ளை மாளிகையிலேயே குதித்தார். மகுடத்தைத் துறந்த விண்ட்சர் பிரபுவும் அவர் மனைவியும்கூடக் குதித்தார்கள், அதுவும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.