காளான் குடிலில் மேலே வறட்சி, கீழே ஈரம்: சிறு மின்விசிறியால் சரிசெய்வது எப்படி?

சிப்பிக்காளான் வளர்க்கும் விவசாயிகள் பலர் சொல்லும் குறை இது. ஒரே உறியில் நான்கைந்து படுக்கைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். வைக்கோல், வித்து, தண்ணீர் எல்லாம் ஒன்றுதான். ஆனால் மேல் படுக்கையில் மொட்டுகள் தோன்றிய மறுநாளே காய்ந்து சுருங்கிவிடும். நடுப் படுக்கையில் நல்ல காளான் கிடைக்கும். அடிப் படுக்கையில் காளான் நீர்கோத்து, மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி விழுந்து, பறிப்பதற்குள் வழவழத்துப் போகும்.

மேல் படுக்கை காய்கிறதே என்று தண்ணீர் தெளிப்பைக் கூட்டினால், அடிப் படுக்கைகள் மொத்தமாக அழுகும். அடியில் அழுகுகிறதே என்று தெளிப்பைக் குறைத்தால் மேல் வரிசை மகசூல் போய்விடும். உண்மையில் குடிலில் ஈரம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இருக்கும் ஈரம் சமமாகப் பரவவில்லை. இதற்குத் தண்ணீரைவிடக் காற்றோட்டமே மருந்து.

ஏன் இப்படி ஆகிறது?

சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று தரையில் தங்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. குடிலின் தரையில் ஈர மணலும், பக்கங்களில் நனைந்த சாக்கும் இருப்பதால் கீழ்க்காற்று இன்னும் குளிர்கிறது. கூரையை ஒட்டிய காற்று வெயிலில் சூடாகிறது.

ஈரப்பதம் என்று நாம் சொல்லும் சதவீதம், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்பதன் கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம் தாங்கும். குடில் முழுவதும் கன மீட்டருக்கு 19.5 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி உள்ள தரைப் பகுதியில் ஈரப்பதமானி 85 சதவீதம் காட்டும். 30 டிகிரி உள்ள கூரைப் பகுதியில் அதே அளவு நீராவிக்கு 64 சதவீதம்தான் காட்டும். சிப்பிக்காளான் மொட்டு விட்டு வளர 80 முதல் 85 சதவீத ஈரப்பதம் வேண்டும். 64 சதவீதத்தில் மொட்டு நிற்காது.

ஆக, வெப்பநிலை சமமானாலே ஈரப்பதமும் பெருமளவு சமமாகிவிடும். மேல்காற்றையும் கீழ்காற்றையும் கலக்கினால் போதும்.

முதலில் அளந்து பாருங்கள்

விசிறி வாங்கும் முன், உங்கள் குடிலில் இந்தச் சிக்கல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஈரப்பதமானியை மேல் படுக்கை உயரம், நடு உயரம், அடிப் படுக்கை உயரம் என மூன்று இடங்களில் அரை மணி நேரம் வீதம் தொங்கவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கதவருகிலும் கடைசி மூலையிலும் அதேபோல் பாருங்கள். தெளிப்பதற்கு முன் ஒரு முறை, மதிய வெயிலில் ஒரு முறை அளப்பது நல்லது. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் விசிறி தேவையில்லை. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விசிறி கட்டாயம் பலன் தரும்.

விலை குறைந்த ஈரப்பதமானிகள் தவறான அளவைக் காட்டுவது உண்டு. அதைச் சோதிக்க வீட்டு உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரச்சேறு போலக் குழையுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். கருவி 70 காட்டினால், அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உயர்ரகச் சுருட்டுகளை ஈரம் காத்து வைக்கும் மரப்பெட்டிகளிலும் இதே உப்புச் சோதனையைச் செய்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குள்ளும் ஒரு மூலை காய்ந்து மறு மூலை பூசணம் பிடிப்பதால், கணினியில் இருப்பது போன்ற சிறு விசிறியை உள்ளே வைத்துக் காற்றைக் கலக்குகிறார்கள்.

ஈரப்பதமானி இல்லையென்றால் இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் விசிறிவிட்டுப் பாருங்கள். 25 டிகிரி அளவில் இரண்டுக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஈரப்பதம் சுமார் 84 சதவீதம். 4 டிகிரி இருந்தால் சுமார் 70 சதவீதம்.

எந்த விசிறி, எங்கே வைப்பது?

காற்றை வெளியேற்றும் விசிறி வேறு, உள்ளேயே கலக்கும் விசிறி வேறு. இங்கே நமக்கு வேண்டியது இரண்டாவது. 20 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள குடிலுக்கு 9 முதல் 12 அங்குல விசிறி ஒன்று, குறைந்த வேகத்தில் ஓடினால் போதும்.

* விசிறியைக் குடிலின் ஒரு மூலையில், தரையிலிருந்து 2 அடி உயரத்தில், சுவரை ஒட்டி மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். கீழே தேங்கிய குளிர்ந்த ஈரக்காற்று கூரைக்குப் போய், எதிர்ப்பக்கம் இறங்கி வரும்.
* குடில் 30 அடிக்கு மேல் நீளமாக இருந்தால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு விசிறிகள் வையுங்கள். ஒன்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் மற்றது வீச வேண்டும். அப்போது காற்று செக்குமாடு போலச் சுற்றி வரும்.
* எந்தப் படுக்கையின் மீதும் காற்று நேராக அடிக்கக் கூடாது. கூரையில் தொங்கும் சாதாரண மின்விசிறி இதற்கு ஏற்றதல்ல. மேல் படுக்கை மொட்டுகளை அதுவே காயவைத்துவிடும்.

காற்றின் வேகம் சரியா என்று பார்க்க ஊதுபத்தி ஒன்று போதும். படுக்கைக்கு அருகில் பிடித்தால் புகை மெதுவாகச் சாய்ந்து போக வேண்டும். நேராக மேலே போனால் காற்று போதவில்லை. சிதறிப் பறந்தால் வேகம் அதிகம். விசிறியைத் திருப்பி வையுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். ஓலைக் குடிலில் இதைச் செய்யும்போது நெருப்பில் கவனம் தேவை.

எவ்வளவு நேரம் ஓட்டுவது?

மணிக்கு 15 நிமிடம் வீதம் இரவும் பகலும் ஓட்டலாம். நேரக்கருவி பொருத்தினால் வேலை எளிது. 50 வாட் விசிறி இப்படி ஓடினால் நாளுக்கு 6 மணி நேரம், 0.3 யூனிட் மின்சாரம். மாதத்துக்கு 9 யூனிட். தண்ணீர் தெளித்த பிறகு தொடர்ந்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். காளான் குடையின் மேல் நிற்கும் நீர், தெளித்த 2 முதல் 3 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும். அதற்குமேல் ஈரம் தங்கினால் பாக்டீரியாவால் வரும் பழுப்புப் புள்ளி நோய் பிடிக்கும். அந்தக் காளானைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

விசிறி எதைச் செய்யாது?

கலக்கும் விசிறி புதிதாக ஈரத்தை உண்டாக்காது. மேல், நடு, அடி மூன்று இடத்திலும் 65 சதவீதம் என்றால் குறை தண்ணீரில்தான். தரை மணலையும் சாக்கையும் நனைத்து, பனிபோலத் தெளிக்கும் கைத்தெளிப்பானைப் பயன்படுத்துங்கள். வறண்ட குடிலில் விசிறியை மட்டும் ஓட்டினால் நட்டம் கூடும்.

அதேபோல் இந்த விசிறி புதுக்காற்றையும் கொண்டுவராது. காளான் தண்டு நீண்டு, குடை சிறுத்து வந்தால் அது கரியமில வாயு தேங்கியதன் அடையாளம். அப்போது கதவையும் சாளரத்தையும் காலை மாலை திறந்துவிட வேண்டும். திறப்புகளில் ஈ நுழையாத நைலான் வலை அவசியம்.

பருவத்தையும் பாருங்கள். ஆடி மாதத்தில் வறண்ட மேல்காற்று வீசும்போது அதிக நேரம் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் போய்விடும். வெயில் தணிந்த பிறகு திறப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், சாளரத்தைத் திறந்து ஈரத்தைக் குறைக்க முடியாது. அந்நாட்களில் தெளிப்பைக் குறைத்து, உள்விசிறியைக் கூடுதல் நேரம் ஓட்டுங்கள்.

நீலநிற சில்பாலின் கூரையிட்ட பால்காளான் குடிலுக்கும் இதே முறை பொருந்தும். பால்காளானுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் தேவை என்றாலும், கூரையடியில் அதற்குமேல் சூடு தேங்காமல் விசிறி காக்கும்.

பாதுகாப்பு

ஈரமான இடத்தில் மின்சாரம் ஆபத்தானது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை இணைப்பில் பொருத்திய பிறகே விசிறியை ஓட்டுங்கள். சுவிட்ச் குடிலுக்கு வெளியே இருக்கட்டும். தெளிக்கும்போது விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒட்டுப்போட்ட ஒயரும், தரையில் கிடக்கும் நீட்டிப்புப் பெட்டியும் வேண்டாம்.

சிப்பிக்காளான் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும். விசிறி ஓடும்போது தூள் எங்கும் பரவும். எனவே அறுவடை நேரத்தில் விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து பறியுங்கள். குடை முழுதாக விரிந்து ஓரம் சுருளும் முன்பே பறித்தால் தூளும் குறையும், விலையும் கிடைக்கும். வாரம் ஒரு முறை மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசிறி இறக்கைகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து விடுங்கள்.

விசிறி பொருத்திய ஒரு வாரம் கழித்து, அதே மூன்று உயரங்களில் மறுபடி அளந்து பாருங்கள். அடுத்த அறுவடையில் மேல், நடு, அடிப் படுக்கைகளின் காளானைத் தனித்தனியாக எடை போடுங்கள். மூன்றும் நெருங்கி வந்தால் விசிறி சரியான இடத்தில் இருக்கிறது. இன்னும் வித்தியாசம் தெரிந்தால் அந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். குடிலின் அளவுக்கு ஏற்ப விசிறியின் இடத்தை மாற்றி அமைக்க அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.