முதுகுன்றத்தின் வயது

உலகத்து மலைகளுள் மிக உயர்ந்தது எது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் தயங்காமல் விடை சொல்லிவிடுவான். மிகப் பழையது எது என்று கேட்டால் கற்றறிந்த பெரியவர்களும் சற்றே யோசிப்பார்கள். இந்த இரண்டாவது கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பி, அதற்குத் தன் பெயரையே விடையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் க்ஷேத்திரம் ஒன்று, கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்துக்கு மேற்கே சில கல் தொலைவில், மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய மூவரும் போற்றியதும், பழமலை என்று ஊரார் வழங்கியதும், விருத்தாசலம் என்று இன்று நாம் அழைப்பதும் அந்தத் தலத்தையே. ஆனால் அங்கே போய் மலையைத் தேடுகிறவர்களுக்குச் சமவெளியும் ஆறும் ஐந்து கோபுரங்களும்தாம் தென்படுமேயன்றி, ஒரு சிறு குன்றுகூடத் தென்படாது.

மலை எங்கே போயிற்று என்பதற்கு ஸ்தலபுராணம் ஒரு சமாதானம் சொல்கிறது. பிரமதேவன் சிருஷ்டியைத் தொடங்கி மலைகளைப் படைக்க முற்பட்டபோது, அவனுக்கும் முன்னதாகச் சிவபெருமானே ஒரு மலையாகி நின்றுவிட்டாராம். அதை அறியாத பிரமன் தான் படைத்த மலைகளுக்கு இடம் காணாமல் திகைத்து, பின்பு திருமாலால் உண்மை உணர்ந்து அந்த ஆதிமலையை வணங்கினானாம். அந்த மலையே காலாந்தரத்தில் பூமிக்குள் அழுந்திக் கோயிலின் அடியில் மறைந்திருக்கிறது என்பது ஐதீகம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் இங்கே கற்றளி எழுப்பினார். சுந்தரர் இத்தலத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த கதை. காசியைவிட வீசம் அதிகம் என்னும் நம்பிக்கையோடு மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் இன்றும் இங்கே திரண்டு வந்து, ஆற்றில் நீராடி, மூதாதையருக்குத் திதி கொடுக்கிறார்கள். பழமலை, விருத்தகிரி, பெரியநாயகி என்று தம் குழந்தைகளுக்குப் பெயரிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த மலையை வீட்டுக்கு வீடு குடியேற்றியும் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, கண்ணுக்குத் தெரிவதையே தன் மகிமையாகக் கொண்ட மலை திருவண்ணாமலை. திருமாலும் பிரமனும் அடியும் முடியும் காணாத ஜோதி, உலகத்தார் பொருட்டுக் குளிர்ந்து கல்லாயிற்று என்பது அதன் புராணம். பஞ்சபூத ஸ்தலங்களுள் அது அக்கினி ஸ்தலம். கார்த்திகைத் தீபத்தன்று மாலையில், பர்வதராஜ குலத்தார் உச்சியிலுள்ள பெருங்கொப்பரையில் ஏற்றும் சுடரைப் பல கல் தொலைவிலுள்ள ஊர்களில் காத்திருந்து கண்ட பிறகே மக்கள் தங்கள் வாசல் விளக்கை ஏற்றுவார்கள். அடிவாரத்தைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். 1896-இல் பதினாறு வயதுச் சிறுவராக மதுரையிலிருந்து வந்து சேர்ந்த ரமண மகரிஷி, 1950-இல் சித்தியடையும்வரை இம்மலையை விட்டு நீங்கவேயில்லை.

இவ்விரு மலைகளையும் அடியார் ஒருவரின் வரலாறு இணைக்கிறது. அண்ணாமலைக் குகையில் வாழ்ந்த குகை நமசிவாயரின் சீடர் குரு நமசிவாயர், குருவின் ஆணைப்படி சிதம்பரத்துக்குப் போகும் வழியில் முதுகுன்றத்தில் தங்கிப் பசியால் வருந்தியபோது, அம்பிகையைக் கிழத்தி என்று விளித்து அன்னம் வேண்டிப் பாடினாராம். முதிய உருவில் தோன்றிய பெரியநாயகி, கிழவியால் சோறு கொண்டுவர ஏலுமோ என்று கேட்டு, இளையவளாகப் பாடச் சொல்லி, அவ்வாறே இளநங்கையாக வந்து உணவளித்தாள் என்பர். முதுமையும் இளமையும் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவரும் இந்தக் கதையின் தத்துவம், மலைகளின் சரித்திரத்துக்கும் பொருந்துவதேயாகும்.

அண்ணாமலையின் உயரம் 814 மீட்டர். சேர்வராயன் மலையின் உயரத்தில் ஏறக்குறையப் பாதிதான். 8,849 மீட்டர் உயர்ந்து நிற்கும் எவரெஸ்டின் முன்னே அதை ஒரு பொருட்டாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எவரெஸ்டின் உயரத்தைக் கண்டறிந்த மாபெரும் நில அளவைப் பணி, 1802-இல் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பறங்கிமலைக்கு அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது என்பதும், அந்தப் பறங்கிமலையும் அண்ணாமலையும் ஒரே இனத்துப் பாறையால் ஆனவை என்பதும் கருதத்தக்கவை. அப்பாறைக்குச் சார்னோகைட் என்று 1893-இல் பெயரிட்டவர் தாமஸ் ஹாலந்து. அப்பெயருக்குக் காரணமானவரும், கல்கத்தா நகரத்தை நிறுவியவராகச் சொல்லப்படுபவருமான ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல்லும் நம் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போன அதே கல்தான்.

இந்தக் கல் பிறந்த வரலாறு வியப்புக்குரியது. பூமியின் மேலோட்டில் 20 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், நீர்ப்பசையற்ற நிலையில், 700 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தாலும் தாங்கவொண்ணாத அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய பாறை அது. வட தமிழ்நாட்டில் அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இமயமலையோ, இந்திய நிலத்தட்டு ஆசிய நிலப்பகுதியோடு மோதத் தொடங்கிய சுமார் 5 கோடி ஆண்டுகளுக்குள் எழுந்தது. அத்தனை ஆழத்தில் உண்டான கல் இன்று வெயிலில் காய்கிறதென்றால், அதன்மேல் கவிந்திருந்த கிலோமீட்டர்க் கணக்கான பாறையெல்லாம் மழையாலும் காற்றாலும் ஆறுகளாலும் அரிபட்டுப் போயிருக்கவேண்டும். ஆகவே அண்ணாமலை, கரைந்து மறைந்த பழைய உயர்நிலத்தின் எச்சமே என்பதை உணரவேண்டும்.

கரைந்துபோன அந்த மலைகள் எங்கே சென்றன? அவற்றின் ஒரு பகுதி கம்மாபுரத்துக்கும் நெய்வேலிக்கும் வந்து சேர்ந்தது. பழம்பாறைகள் விருத்தாசலத்துக்கு மேற்கே தரைமட்டத்தில் காணப்பட்டு, கிழக்கே போகப்போகப் படிவுகளுக்கு அடியில் இறங்கிவிடுகின்றன. அவற்றின்மேல் முதலில், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே கடல் இருந்ததற்குச் சான்றான படிவுகள் உள்ளன. திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் வெளித்தெரியும் இவற்றை ஹென்றி பிளான்போர்டு ஆராய்ந்து 1862-இல் எழுதினார். அதற்குப் பின் கரையோரச் சதுப்பில் தழைத்த காடுகள் புதையுண்டு பழுப்பு நிலக்கரியாயின. அக்காடுகளைப் புதைத்த மணலோ, மேற்கேயிருந்த மலைகளை ஆறுகள் அரித்துக்கொண்டுவந்து சேர்த்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியைக் காண்பதற்கு முன்னே 50 முதல் 100 மீட்டர் வரை ராட்சச சக்கர எந்திரங்கள் வெட்டி அகற்றுகிற செம்மண்ணும் மணற்கல்லும், முந்திரி விளைகிற நம் செம்மண் காடும் அந்த மலைகளின் துகளேயாகும். பாறையிலிருந்த ஃபெல்ட்ஸ்பார் என்னும் களிக்கற்கள் சிதைந்தே வெண்களிமண் உண்டாகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு ஆதாரமாக விளங்குவது அத்தகைய மண்தான்.

ஸ்தலபுராணத்தை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. கோயிலுக்கு அடியில் சிகரம் ஒன்று புதைந்திருக்கிறது என்று எந்தப் பாறையியல் நூலும் கூறவில்லை. புராணம் பக்தியின் மொழி, பாறையியல் அளவையின் மொழி. எனினும், மலையின் பெருமை அதன் உயரத்தில் இல்லை, பழமையில் இருக்கிறது என்று துணிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மலையை ஆயிரமாண்டுக்கு மேலாக வணங்கிவந்த நம் முன்னோரின் மதிப்பீட்டை, பூமியின் வரலாறு பொய்ப்பிக்கவில்லை என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

மலை மண்ணாகும் அந்தக் காரியம் இன்னும் முடிந்துவிடவுமில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் அண்ணாமலைச் சரிவு இளகி, பாறையும் சேறுமாக வ.உ.சி. நகரிலிருந்த ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் ஐவர் குழந்தைகள். சரிவில் மரங்களை வளர்த்துக் காப்பதும், நீரோடும் வழிகளை அடைக்காமல் விடுவதும், மலையின் மடியில் வீடு கட்டாதிருப்பதும், தீபத்துக்கு நெய் வார்ப்பதைப்போலவே மலைக்குச் செய்யவேண்டிய வழிபாடாகும். கம்மாபுரத்துப் பள்ளிப்பிள்ளைகளை ஆசிரியர்கள் ஒருநாள் விருத்தாசலத்துக்கும், மறுநாள் சுரங்கத்தின் விளிம்புக்கும், பின்னொருநாள் அண்ணாமலையின் அடிவாரத்துக்கும் அழைத்துப்போய், ஒரே மலையின் மூன்று பருவங்களை அங்கே காட்டுவார்களாயின், மலையே இல்லாத ஊரில் பிறந்தோம் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒருகாலும் வராது.