வீட்டு வன்முறையும் பாதுகாப்புக் கட்டளையும்

தெருவில் ஒருவன் பிறனொருவனை அடித்தால் அது குற்றமென்பதை எவரும் மறுப்பதில்லை. அதே அடி வீட்டினுள்ளே விழும்பொழுது, குடும்ப விடயம் என்னும் பெயரைப் பெற்று ஊரார் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அடித்தலையும் காயப்படுத்தலையும் அச்சுறுத்தலையும் குற்றங்களாக வகுத்துள்ளது. எனினும், நடந்து முடிந்த குற்றத்துக்குத் தண்டனை விதிப்பதே அதன் பணி. நாளை விழவிருக்கும் அடியைத் தடுப்பதன்று. கணவனைச் சிறைக்கு அனுப்புவதா, வாய்மூடி இருப்பதா என்னும் இரண்டனுள் ஒன்றையே மனைவி தெரிய வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க எழுந்ததே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமாகும்.

இச்சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது பாதுகாப்புக் கட்டளை. அது தண்டனையன்று, எதிராளியைக் குற்றவாளியெனத் தீர்ப்பதுமன்று. இன்னின்ன செயல்களைச் செய்யற்க என நீதிமன்றம் அவனுக்கு இடும் தடையே அது. உடலில் தழும்பு இருந்தாற்றான் வன்முறை என்பதுமில்லை. தொடர்ந்து இழிவுபடுத்தும் பாரதூரமான கொடுமையையும் சட்டம் வன்முறையாகவே கொள்கின்றது. கணவன் மனைவியர் மட்டுமன்றி, முன்னாள் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் முதலியோரும் இதனுள் அடங்குவர். மகனால் துன்புறும் முதிய தாயும் இதனை நாடலாம் என்பது பலர் அறியாததொன்று.

விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்திற் செய்யப்படும். பாதிக்கப்பட்டவரே செய்யலாம்; அவர் சார்பிற் பொலிஸ் அலுவலரும் செய்யலாம். சத்தியக் கடதாசி இணைக்கப்பட்டிருந்தாலோ, சத்தியத்தின் பேரில் அவரை விசாரித்தாலோ, ஆபத்து உடனடியானதெனக் கண்ட நீதவான் இடைக்காலக் கட்டளையை அப்பொழுதே வழங்கலாம். எதிராளியின் கூற்றைக் கேட்டற்குரிய விசாரணை 14 நாட்களுள் நடைபெறல் வேண்டும். அதன்பின் வழங்கப்படும் கட்டளை 12 மாதங்களுக்கு மேற்படாது.

கட்டளையின் வலிமை வீட்டைப் பற்றிய பகுதியிலே நன்கு புலனாகும். எதிராளி பாதிக்கப்பட்டவரின் வீட்டினுள்ளோ, இருவரும் கூடிவாழ்ந்த வீட்டினுள்ளோ நுழைதலை நீதவான் தடுக்கலாம். வேலைத்தலத்துக்கு வருதல், பின்தொடர்தல், தொடர்புகொள்ளல் ஆகியனவும் தடுக்கப்படலாம். அடிபட்டவளே பிள்ளைகளுடன் வெளியேறித் தாய்வீட்டுத் திண்ணையில் இருக்க, அடித்தவன் வீட்டிலே தங்கும் நிலையை இது மாற்றவல்லது. யாழ்ப்பாணத்திற் பல வீடுகள் சீதனமாக மனைவி பெயரில் இருந்தும், இரவில் ஓடுபவள் அவளே என்பது எண்ணத்தக்கது. எனினும் சட்டம் ஒருபக்கம் மட்டும் பார்ப்பதன்று. எதிராளிக்கு உண்டாகும் இடரையும் நீதவான் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். வீட்டின் உரிமை எவருக்கு என்பதைக் கட்டளை தீர்ப்பதில்லை.

கட்டளையை மீறுதலே குற்றம். அதற்கு ஓராண்டு வரையான சிறை, 10,000 ரூபா வரையான குற்றப்பணம், அல்லது இவ்விரண்டும் விதிக்கப்படலாம். ஆயினும் மீறலை அறிவிப்பவர் இல்லையேற் கட்டளை வெறுங் கடதாசியே. உழைப்பவன் விலகினால் அடுப்பு எரியுமோ என்னும் அச்சமே பெண்ணின் வாயைப் பெரிதும் அடைக்கின்றது. இதுபற்றியே பணவுதவி அளிக்குமாறு எதிராளியைப் பணிக்கவும் சட்டம் இடந்தருகின்றது. முறையிட வந்தவளைச் சமாதானங் கூறித் திருப்பி அனுப்புதல், ஆபத்தின் அளவை அறியாத அறிவுரையாகும்.

உறவினரின் நெருக்குதலால் அவளே கட்டளையை நீக்கும்படி மனுச்செய்தலுங் கூடும். அப்பொழுதும், அம்மனு அவளது சுயவிருப்பத்தின்படி செய்யப்பட்டதெனத் தாம் திருப்தியடைந்தாலன்றி நீதவான் அதற்கு இணங்கலாகாது.