பாலத்தடியில் எண் பூண்ட பறவைகள்

வளைந்த அலகும் கூர்ந்த பார்வையும் கொண்டு ஊனுண்டு வாழும் பறவைகளை இரைகொல்லிப் பறவைகள் என்று பறவையியல் நூல்கள் தொகுத்துக் கூறுகின்றன. வட அமெரிக்காவில் அவ்வகையின் மிகப் பெரிய பறவையான கலிபோர்னியக் காண்டோர், அந்த வகைப்பெயருக்கு மாறாக, எதையும் கொல்வதில்லை. செத்த விலங்கின் உடலே அதன் உணவு. தோற்றத்திலும் தொழிலிலும் நம் நாட்டுப் பாறுகளை ஒத்திருந்தாலும் அவற்றோடு நெருங்கிய உறவில்லாத இந்த அமெரிக்கப் பாறு, உலகின் மிக அரிய பறவைகளுள் ஒன்றாயிருந்தும், அதைத் தேடிப் புறப்படாத குடும்பங்களின் கண்முன்னே வந்து அமர்ந்துவிடுகிறது என்பது வியப்புக்குரிய செய்தி.

அந்தச் சந்திப்பு பெரும்பாலும் அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில், 89ஏ நெடுஞ்சாலையில் உள்ள நவாஹோ பாலத்தில் நிகழ்கிறது. கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பும் வடக்கு விளிம்பும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 16 கி.மீ. தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் சாலைவழியே ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய 340 கி.மீ. சுற்ற வேண்டும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் கோடை விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்கள் அந்தச் சுற்றுவழியில் கால் நீட்டிக்கொள்ள இறங்கும் இடங்களில் இப்பாலமும் ஒன்று. கொலராடோ ஆற்றுக்கு 140 மீட்டர் உயரத்தில் இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. 1995-இல் கட்டிய புதியதில் வண்டிகள் ஓட, 1929-இல் கட்டிய பழையது நடப்பவர்களுக்கென்று விடப்பட்டிருக்கிறது. பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஆற்றைப் பார்க்கக் குனியும் பிள்ளைகளின் கண்ணில், எதிர்ப் பாலத்தின் எஃகுத் தூலங்களில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும் பெரிய கரிய உருவங்கள் படுகின்றன.

மயிரற்ற, செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்புத் தலை. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு இறகுக் குஞ்சம். விரித்தால் ஏறத்தாழ 2.9 மீட்டர் நீளும் சிறகுகள். அவற்றின் அடியில் முக்கோண வடிவில் வெள்ளைப் பட்டை. பறவை தூலத்தைவிட்டு எழுந்து மேலேறித் தலைக்கு மேல் சறுக்கும்போது, சிறகு இறகுகளுக்கிடையே காற்று சீறும் ஒலி தெளிவாகக் கேட்கும். கூடவே, அதன் சிறகில் பெரிய எழுத்தில் ஓர் எண் பொறித்த வில்லையும் தெரியும். காட்டுப் பறவைக்கு எதற்கு எண் என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. கேட்க வேண்டிய முதன்மையான கேள்வியும் அதுதான்.

1982-இல் உலகில் எஞ்சியிருந்த காண்டோர்கள் 22. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டு, கூண்டுகளில் இனப்பெருக்கம் தொடங்கியது. வெர்மிலியன் கிளிஃப்ஸ் என்ற செம்பாறை மலைத்தொடரின் உச்சியிலிருந்து 1996 டிசம்பரில் ஆறு பறவைகள் விடுவிக்கப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து விடுவிக்கப்பட்டவையும் அவற்றின் வழிவந்தவையுமே பாலத்தில் காணப்படுபவை. அரிசோனாவில் காட்டிலேயே பொரிந்து பறந்த முதல் குஞ்சு 2003-ஆம் ஆண்டினது. கதை இந்த அளவில் நின்றிருந்தால் வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும்.

எண் வில்லையின் உண்மையான தேவை ஈயத்தில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பாலத்துக்கு மேற்கே கைபாப் மேட்டுநிலத்தில் மான் வேட்டை நடக்கிறது. வேட்டையாடியவர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலை அங்கேயே விட்டுச் செல்வது வழக்கம். அதிவேகத்தில் உடலுக்குள் பாயும் ஈயத் தோட்டா நூற்றுக்கணக்கான நுண்துகள்களாகச் சிதறுவதால், காண்டோருக்கு விருந்தாக அமையும் அந்தக் குடல் குவியல் நஞ்சுக் குவியலாகவும் ஆகிவிடுகிறது. எலும்பையும் கரைக்கும் வயிற்று அமிலம் ஈயத்தையும் கரைத்து இரத்தத்தில் சேர்க்க, உண்டதைச் சேமித்து வைக்கும் தீனிப்பை செயலிழந்துபோகிறது. அதனால் தொண்டை நிறைய இரையை வைத்துக்கொண்டே பறவை பட்டினியால் சாகிறது. இதைவிடக் கொடிய சாவு ஒரு பறவைக்கு இருக்க முடியுமா என்று எண்ணத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும், ஆறு வயதுக்கு முன் இணை சேராத இனத்தில், வளர்ந்த பறவை ஒன்றை இழப்பது பல ஆண்டு உழைப்பை இழப்பதாகும்.

இந்தியாவில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அவற்றின் சடலம் வழியாகப் பாறுகளை அழித்ததும் இதே பாதையில்தான். அங்கே ஊசிமருந்து, இங்கே தோட்டா. டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது. கலிபோர்னியாவிலும் வேட்டைக்கு ஈயத் தோட்டா பயன்படுத்துவது 2019 முதல் மாநிலம் முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அரிசோனாவில் அத்தகைய தடை இல்லை. 2005 முதல் செம்புத் தோட்டாக்கள் இலவசமாக வழங்கப்படுவதும், காண்டோர் வாழும் பகுதியில் வேட்டையாடுவோரில் பெரும்பாலோர் விருப்பத்துடன் ஒத்துழைப்பதும் உண்மை. ஆனால் ஒரே நாளில் 200 கி.மீ.க்கு மேல் பறக்கவல்ல பறவைக்கு மாநில எல்லை தெரியாது. ஒரே சடலத்தைப் பல பறவைகள் பங்கிட்டு உண்பதால், ஒத்துழைக்காத சிலர் விட்டுச்சென்ற ஒரு குடல் குவியல் ஒரு கூட்டத்தையே நோயில் தள்ளக்கூடும். 2023-இல் பறவைக் காய்ச்சல் இந்த அரிசோனாக் காண்டோர்களில் 21 பறவைகளைக் கொன்றதைச் சுட்டி, ஈயத்தை மட்டும் குறைகூறுவது முறையன்று என்பாரும் உளர். காய்ச்சல் ஒரு பருவத்தில் வந்து போனது. ஈயமோ ஆண்டுதோறும் வேட்டைக் காலத்தோடு திரும்பி வருகிறது.

வீட்டு வண்டிக் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1992-இல் கலிபோர்னியாவில் மறுபடி காட்டில் விடப்பட்ட காண்டோர்களுள் முதலில் இறந்தது, எஞ்சின் சூடேறாமல் காக்கும் கூலன்ட் திரவத்தில் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருளால்தான். புட்டி மூடி, கண்ணாடிச் சில்லு போன்ற சிறு குப்பைகளைத் தாய்ப்பறவை பொறுக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டுவதும் பதிவாகியுள்ளது. ஆகவே வண்டியின் ரேடியேட்டர் ஒழுக்கைத் துடைப்பதும், முகாம் கலைத்தபின் தரையைக் குனிந்து பார்ப்பதும் சிறு செயல்களல்ல. ஆர்வ மிகுதியால் மனிதர் பொருள்களைக் கொத்திப் பார்க்கும் இப்பறவையை அருகே வரவிடாமல் கைதட்டி விரட்டுவதே அதற்குச் செய்யும் நன்மை.

கோடைப் பயணிகள் வீடு திரும்பிய பின், குளிர்காலத்தில், பாலத்துக்கு மேற்கே உள்ள ஹவுஸ் ராக் பள்ளத்தாக்கில் இரை வைத்து இப்பறவைகள் பிடிக்கப்பட்டு ஒவ்வொன்றிலும் இரத்தம் எடுக்கப்படுகிறது. ஈயம் மிகுந்தவற்றுக்கு, உலோகத்தைப் பற்றி உடலிலிருந்து வெளியேற்றும் மருந்து ஊசிவழியே செலுத்தப்படுகிறது. தேறியவை அதே எண்ணோடு விடுவிக்கப்படுகின்றன.