மின் அக்குபஞ்சரில் புள்ளித் தேர்வும் அதிர்வெண்ணும்: மூளைத்தண்டு நரம்புச் செயல்பாட்டில் அவற்றின் தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மின் அக்குபஞ்சரில் ஊசி எந்தப் புள்ளியில் செருகப்படுகிறது, மின்துடிப்பு எந்த அதிர்வெண்ணில் செலுத்தப்படுகிறது என்னும் இரண்டும் மூளைத்தண்டின் எதிர்வினையைத் தீர்மானிக்கின்றன. இரத்த அழுத்தம் தொடர்பான ஆய்வுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மின் அக்குபஞ்சர், மூளைத்தண்டு, முகுளம், அதிர்வெண், இரத்த அழுத்தம்.

முன்னுரை

இந்திய அரசு 2019-ஆம் ஆண்டு அக்குபஞ்சரைத் தனித்த சிகிச்சை முறையாக ஏற்றது. தமிழகத்தில் யோகா – இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் இது ஒரு பாடமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. சென்னை அரும்பாக்கத்திலும், முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டிலும் இப்படிப்பிற்கான அரசு நிறுவனங்கள் உள்ளன. செவிலிமேடு போன்ற நெசவுப் பகுதியிலிருந்து உயர் இரத்த அழுத்தத்துடன் வரும் ஒருவருக்கு ‘மின் அக்குபஞ்சர் அளிக்கப்பட்டது’ என்று மட்டும் பதிவு செய்தால், உண்மையில் என்ன சிகிச்சை தரப்பட்டது என்பதை அப்பதிவிலிருந்து அறிய இயலாது. இதற்கான காரணம் நரம்பியலில் உள்ளது.

முகுளமும் பரிவு நரம்புகளும்

மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி முகுளம் ஆகும். அதன் மேற்பாதியில் முன்பக்கவாட்டில் அமைந்த நியூரான் தொகுதி, தண்டுவடத்தின் வழியாகப் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. இத்தொகுதியின் செயல்பாடு மிகும்போது இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. எனவே, ஊசித் தூண்டல் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்ற வினா, அத்தூண்டல் இந்நியூரான்களை அடக்குகிறதா என்ற வினாவாக மாறுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஜான் லாங்ஹர்ஸ்ட், பெங் லி, ஸ்டெபானி ஜென்-ஏ-லூயி ஆகியோர் இதனை விலங்குகளிடம் நேரடியாகப் பதிவு செய்து ஆராய்ந்தனர்.

புள்ளித் தேர்வின் பங்கு

மயக்கமுற்ற பூனையின் பித்தப்பையில் பிராடிகினின் என்னும் வேதிப்பொருளைத் தடவினால் இரத்த அழுத்தம் அனிச்சையாக உயரும். முன்கையின் உட்புறத்தில் மணிக்கட்டிற்குச் சற்று மேலே உள்ள பெரிகார்டியம் 5–6 புள்ளிகளை 30 நிமிடம் தூண்டியபோது இந்த உயர்வு குறைந்தது. தூண்டலை நிறுத்திய பின்னரும் அவ்விளைவு நீடித்தது. முகுளத்தில் ஓபியாய்டுகளைத் தடுக்கும் நாலாக்சோனைச் செலுத்தியதும் இவ்வடக்கம் விலகியது. ஆகவே, மூளையே சுரக்கும் ஓபியாய்டுகள் இதில் பங்கேற்கின்றன என்பது தெளிவாகிறது.

2004-ஆம் ஆண்டு இக்குழு வெளியிட்ட ஆய்வில் பல புள்ளிகள் ஒப்பிடப்பட்டன. மீடியன் நரம்பின் மேல் அமைந்த பெரிகார்டியம் 5–6, ஆழ்ந்த ரேடியல் நரம்பின் மேல் அமைந்த பெருங்குடல் 10–11 ஆகியவை வலுவான விளைவைத் தந்தன. முழங்காலுக்குக் கீழுள்ள இரைப்பை 36–37 மிதமான விளைவைத் தந்தது. தோலுக்கு அருகிலுள்ள நரம்பின் மேல் அமைந்த பெருங்குடல் 6–7 குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தரவில்லை. வலுவான புள்ளிகளிலிருந்து முகுள நியூரான்களை அடைந்த உள்வரும் தூண்டலும் மிகுதியாக இருந்தது. பெருங்குடல் என்னும் ஒரே பாதையைச் சேர்ந்த இரு இடங்கள் வேறுபட்ட விளைவைத் தந்தமை இங்குக் கருதத்தக்கது. விளைவை வேறுபடுத்துவது பாதையின் பெயரன்று; புள்ளிக்கு அடியிலுள்ள நரம்பே ஆகும்.

அதிர்வெண்ணின் பங்கு

இதே குழுவினர் எலிகளில் நிகழ்த்திய ஆய்வில், இரைப்பையை விரிவடையச் செய்து இரத்த அழுத்தம் உயர்த்தப்பட்டது. 2 ஹெர்ட்ஸ் தூண்டல் அவ்வுயர்வைக் குறைத்தது. அதே புள்ளிகளில் 40, 100 ஹெர்ட்ஸ் தூண்டல்கள் அவ்வாறு குறைக்கவில்லை. மெல்லிய உணர்ச்சி நரம்பிழைகள் விரைந்து வரும் துடிப்புகளைத் தொடர்ந்து கடத்த இயலாதவை என்பது இதற்கு ஒரு காரணமாகும்.

எனினும், உயர் அதிர்வெண் பயனற்றது என முடிவு செய்தல் பொருந்தாது. பீஜிங்கைச் சேர்ந்த ஹான் ஜிஷெங்கின் வலிநீக்க ஆய்வுகள், 2 ஹெர்ட்ஸ் தூண்டல் என்கெபலின், பீட்டா-எண்டார்பின் ஆகியவற்றையும் 100 ஹெர்ட்ஸ் டைனார்பினையும் வெளிப்படுத்துவதைக் காட்டின. நரம்புப் பாதையும் வேறுபடுகிறது. குறை அதிர்வெண்ணில் ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் உட்கருவும், உயர் அதிர்வெண்ணில் மூளைத்தண்டின் பாராபிரேக்கியல் உட்கருவும் முதன்மை பெறுகின்றன. வலிக்குப் பொருந்தும் அதிர்வெண் இரத்த அழுத்தத்திற்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாமைக்கு இதுவே காரணம்.

மனிதரிடம் கிடைத்த சான்றுகள்

2015-இல் வெளியான இர்வைன் ஆய்வில், மருந்து உட்கொள்ளாத 65 உயர் இரத்த அழுத்த நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரம் ஒருமுறை 30 நிமிடம் என எட்டு வாரங்கள் சிகிச்சை பெற்றனர். பெரிகார்டியம் 5–6, இரைப்பை 36–37 புள்ளிகளில் தூண்டல் பெற்ற 33 பேரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் இரத்த அழுத்தம் சிறிதளவு குறைந்தது. பெருங்குடல் 6–7, பித்தப்பை 37–39 புள்ளிகளில் தூண்டல் பெற்ற 32 பேரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. மாறாக, 2006-இல் வெளியான 192 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், அக்குபஞ்சர் போலிச் சிகிச்சையைவிட மேம்பட்ட பயனைத் தரவில்லை. ஆதலால், இதனை மருந்துக்கு மாற்றாகக் கொண்டு மாத்திரையை நிறுத்துதல் பக்கவாதத்திற்கு வழிவகுக்கலாம். இதயமுடுக்கி பொருத்தப்பட்டோருக்கு மின்தூண்டல் தவிர்க்கப்பட வேண்டும்.

முடிவுரை

புள்ளி எந்த நரம்பு தூண்டப்படும் என்பதையும், அதிர்வெண் எந்த இழைகளும் வேதிப்பொருள்களும் செயல்படும் என்பதையும் முடிவு செய்கின்றன. ஆகவே, ஆய்வேடுகளில் புள்ளி, ஊசியின் ஆழம், அதிர்வெண், மின்னோட்ட அளவு, கால அளவு, ஒப்பீட்டுப் புள்ளி ஆகியவை தவறாது இடம்பெற வேண்டும். ஒப்பீட்டுப் புள்ளி ஓர் ஆழ்நரம்பின் மேல் அமைந்துவிட்டால் இரு குழுக்களுமே உண்மையான தூண்டலைப் பெறும். வேறுபாடு இல்லை என்ற தவறான முடிவும் கிட்டும். இவ்விவரங்களைப் பதிவு செய்யும் மரபு நிலைபெற்றால்தான் தமிழக மருத்துவமனைகளின் அனுபவம் பிற ஆய்வுகளுடன் ஒப்பிடத்தக்க சான்றாக உயரும்.