நிற்கும் டிராக்டர், நகரும் மரம்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்கிழக்கு ஓரத்தில், இத்தாலிக்கும் குரோஷியாவுக்கும் இடையே அமைந்துள்ள ஸ்லொவேனியா, ஏறத்தாழ 20 லட்சம் மக்களே வாழும் சிறிய நாடு. எனினும் அதன் நிலப்பரப்பில் 58 விழுக்காடு காடு. அந்தக் காட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அரசிடம் இல்லாமல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தனி உரிமையாளர்களிடம் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருவர் கையில் உள்ள காடு சராசரியாக 3 ஹெக்டேருக்கும், அதாவது ஏழரை ஏக்கருக்கும் குறைவு. உரிமை தனியாருடையது என்றாலும் ஒரு பகுதியின் மரங்களை மொத்தமாக வெட்டிச் சாய்க்க அங்குச் சட்டம் இடம் தருவதில்லை. அரசு வனத்துறையின் அலுவலர் உரிமையாளருடன் காட்டைச் சுற்றிப் பார்த்து, எந்த மரத்தை வெட்டலாம் என்று அடையாளமிட்ட பிறகே கோடரியோ ரம்பமோ அதன் மேல் படலாம். ஆகவே அந்த நாட்டில் மரம் காட்டைவிட்டு வெளியேறுவது ஒவ்வொன்றாக, வளர்ந்து நிற்கும் மற்ற மரங்களின் நடுவே புகுந்து, அவற்றின் பட்டையில் காயம் படாமல் வரவேண்டிய பயணமாக இருக்கிறது.

இந்தப் பயணத்தின் கடினத்தை ஒரு கணக்கு விளக்கும். நான்கு மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு கட்டை அரைக் கன மீட்டர் கொள்ளளவு உடையது. அது அந்நாட்டில் மிகுதியாக வளரும் பீச் மரமாக இருந்து, வெட்டிய ஈரம் காயாமலும் இருந்தால் ஏறத்தாழ 500 கிலோ எடை இருக்கும். மனிதக் கையால் அசைக்க முடியாத இந்தச் சுமையை முன்பு குதிரைகள் இழுத்து வந்தன. குதிரைகள் குறைந்து, பண்ணைதோறும் சிறிய டிராக்டர் வந்த காலத்தில், டிராக்டரையே காட்டுக்குள் ஓட்டிக் கட்டையைச் சங்கிலியில் பிணைத்து இழுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அந்த வழக்கம் காட்டுக்கும் ஓட்டுபவருக்கும் ஒருசேரக் கேடாக முடிந்தது. டிராக்டர் சக்கரம் ஈரமண்ணில் சில தடவை சென்றாலே மண் இறுகி, நீரும் காற்றும் வேருக்குச் செல்லும் துளைகள் நசுங்கிவிடுகின்றன. சரிவில் குறுக்காக ஏறும் டிராக்டரோ எளிதில் கவிழ்கிறது.

இந்த இரண்டு கேடுகளுக்கும் ஒரே விடையாக அமைந்த கருவிதான் வின்ச். டிராக்டரின் பின்புறம் பொருத்தப்படும் இந்தக் கருவி, ஓர் உருளையில் சுற்றப்பட்ட நீண்ட இரும்புக் கம்பி வடத்தைச் சுருட்டி, அதன் நுனியில் கட்டப்பட்ட மரத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது. டிராக்டர் காட்டுப் பாதையிலேயே அசையாமல் நிற்க, 50 அல்லது 60 மீட்டர் நீளமுள்ள வடம் மட்டுமே மரங்களுக்கிடையே புகுந்து வெளியே வருகிறது. வின்ச் சிறிய டிராக்டருக்குப் பெரிய வலிமையைத் தருகிறது என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் அது தரும் பெரிய நன்மை, டிராக்டரை நகராமல் நிற்க விடுவதே ஆகும். வின்சின் பயன்கள் அனைத்தும் இந்த ஒரு பண்பிலிருந்து பிறக்கின்றன. அதன் ஆபத்துகளும் அதே பண்பிலிருந்துதான் பிறக்கின்றன.

வின்சின் அமைப்பு எளியது. கலப்பையை மாட்டும் அதே மூன்று முனை இணைப்பில், அதாவது கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று புள்ளிகளில் கருவியைத் தாங்கி ஹைட்ராலிக் விசையால் ஏற்றி இறக்கும் அமைப்பில், அதன் சட்டம் மாட்டப்படுகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் எஞ்சினின் ஆற்றலை வெளிக்கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு ஒரு சங்கிலிச் சக்கரத்தைச் சுழற்ற, இடையில் உள்ள கிளட்ச் அந்தச் சுழற்சியை வடம் சுற்றிய உருளைக்கு மாற்றுகிறது. பழைய வகையில் கிளட்ச்சை இயக்குவது ஒரு கைக்கயிறு. அதை இழுத்துப் பிடித்திருக்கும் வரை உருளை சுழலும், விட்டால் நின்றுவிடும். உருளையின் பிரேக்கைத் தளர்த்த மற்றொரு கயிறு உண்டு. அதைத் தளர்த்திய பின் வடத்தின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டை கிடக்கும் இடம் வரை நடந்து செல்லலாம். சட்டத்தின் அடியில், நிலத்தில் ஊன்றக்கூடிய கனமான இரும்புத் தகடு ஒன்று அகலமாக நிற்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கும் வடத்துக்கும் இடையே, அறுந்து வரும் பொருளைத் தடுக்க வலைக்கம்பி உண்டு.

வின்ச் வாங்குபவர் முதலில் பார்ப்பது அதன் மேல் எழுதப்பட்டுள்ள இழுவிசையை. மூன்று டன், நான்கு டன், ஐந்து டன் என்று குறிக்கப்படும் அந்த எண் உருளையில் வடம் ஏறக்குறைய முழுவதும் வெளியே போயிருக்கும்போது, அதாவது அடிச்சுற்றில் மட்டுமே கிடைப்பது. வடம் சுருளச் சுருள உருளையின் ஆரம் கூடுகிறது. எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை மாறாததால், ஆரம் கூடிய அளவுக்கு இழுவிசை குறைந்து வேகம் கூடுகிறது. வெற்று உருளையின் ஆரம் 5 சென்டிமீட்டராக இருந்து, வடம் நிறைந்தபின் 10 சென்டிமீட்டர் ஆனால், நான்கு டன் இழுத்த வின்ச் அந்த நிலையில் இரண்டு டன்தான் இழுக்கும். தொலைவில் கிடந்த கட்டை சுலபமாக நகர்ந்து, டிராக்டருக்கு அருகில் வந்தபின் முரண்டு பிடிப்பது ஏன் என்று வியப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்த உருளையில்தான் இருக்கிறது. அரை டன் கட்டையைச் சமதரையில் இழுக்க அதன் எடையில் பாதியோ சற்றுக் கூடுதலோ போதும் என்றாலும், மேடும், அடிமரக் கட்டையும், மண்ணில் புதையும் கட்டை முனையும் அந்தத் தேவையைப் பல மடங்காக்கும். அதனால்தான் இவ்வளவு பெரிய எண்கள் தேவைப்படுகின்றன.

ஆனால் நான்கு டன் இழுக்கும் வின்ச்சைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. ஸ்லொவேனியாவின் மலைப் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக உழைத்தவை 35 முதல் 40 குதிரைத்திறன் கொண்ட ஐ.எம்.டி. டிராக்டர்கள். யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தபோது பெல்கிரேடில், மாஸி ஃபெர்குசனின் உரிமம் பெற்று அவை தயாரிக்கப்பட்டன. அதே மாஸி ஃபெர்குசன் மரபில்தான் சென்னையின் டாஃபே நிறுவனமும் டிராக்டர் தயாரித்து வந்தது என்பதும், அந்த நிறுவனமே 2018-ல் ஐ.எம்.டி.யை வாங்கியது என்பதும் தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்திகள். தமிழ்நாட்டு வயல்களில் பழக்கமான இத்தகைய வண்டியின் எடை ஏறத்தாழ இரண்டு டன். தன் எடையைப்போல் இருமடங்கு இழுக்கும் கருவியைச் சுமந்த வண்டி, வேறு பிடிமானம் இல்லாவிட்டால், கட்டையைத் தன்னிடம் இழுப்பதற்குப் பதில் தானே கட்டையிடம் இழுபட்டுப் போகும்.

அந்தப் பிடிமானம்தான் அடித்தகடு. இழுக்கத் தொடங்குமுன் ஹைட்ராலிக்கைத் தாழ்த்தித் தகட்டின் கீழ்விளிம்பை மண்ணில் நன்றாகப் பதிக்க வேண்டும்; வடம் இறுக இறுகத் தகடு மேலும் மண்ணைக் கடித்து, சுமையை டிராக்டரின் சக்கரத்தில் ஏற்றாமல் நிலத்தில் இறக்குகிறது. தகட்டைப் பதிக்காமலோ பாறை மேல் வைத்தோ இழுத்தால், வடம் பின் அச்சுக்கு மேலே இருந்து இழுப்பதால் டிராக்டரின் முன் சக்கரம் எழும்பும். பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர் இரண்டு நொடிக்குள் கவிழ்ந்து முடிந்துவிடும். ஓட்டுநர் கிளட்ச்சை மிதிக்க நினைத்து மிதிப்பதற்கு அந்த நேரம் போதாது. இத்தகைய விபத்துகளில் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களில் கட்டாயமாக்கிய முதல் நாடு ஸ்வீடன்; ஆண்டு 1959. அந்தச் சட்டகம் இல்லாத பழைய வண்டியில் வின்ச் மாட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

இழுப்பது நேர் பின்னாலிருந்துதான் வரவேண்டும் என்பது இதன் தொடர்ச்சி. பக்கவாட்டுக் கோணத்தில் இழுத்தால் வண்டி பக்கவாட்டில் திரும்பும் அல்லது சாயும். கட்டை வேறு திசையில் கிடந்தால் அதற்குக் கப்பி இருக்கிறது. பக்கத்தில் திறந்து, வடத்தை அதன் நடுவிலேயே நுழைத்து மூடக்கூடிய இந்தக் கப்பியை, நிற்கும் மரம் ஒன்றின் அடியில், பட்டை நசுங்காதபடி அகலமான நாடாவால் கட்டி, வடத்தை அதன் வழியே திருப்பிவிடுகிறார்கள். இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. கப்பியைச் சுற்றி வடம் செங்கோணமாகத் திரும்பினால், கப்பியைத் தாங்கும் நாடாவின் மேல் விழும் விசை வடத்தின் விசையைப்போல் 1.4 மடங்கு; போன வழியே திரும்பி வருமாறு வளைந்தால் முழு இருமடங்கு. வடத்துக்குப் போதுமான வலிமை என்று எண்ணி வாங்கிய நாடா கப்பியிடத்தில் அறுவது இதனால்தான். இதே கணக்கை நன்மையாகவும் பயன்படுத்தலாம்: கப்பியைக் கட்டையில் மாட்டி, வடத்தின் நுனியை டிராக்டரின் பக்கமே கொண்டுவந்து உறுதியான ஓரிடத்தில் கட்டிவிட்டால், வேகம் பாதியாகி இழுவிசை இரட்டிப்பாகும்.

கட்டையைப் பிணைக்கும் வேலை நுணுக்கமானது. வடத்தில் முன்னும் பின்னும் ஓடக்கூடிய சில கொக்கிகள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு சுருக்குச் சங்கிலி மாட்டலாம். சங்கிலியின் ஒரு முனையில் உள்ள மெல்லிய கம்பியைக் கட்டைக்கு அடியில் நுழைத்து மறுபுறம் இழுத்து, அதே சங்கிலியின் வளையத்தில் கோத்துவிட்டால், இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு தயார். சுருக்கைக் கட்டை முனையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளிப் போடுவது வழக்கம். முனைக்கு மிக அருகில் போட்டால் நழுவும், மிகத் தள்ளிப் போட்டால் முனை மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். சங்கிலியின் பூட்டு கட்டையின் பக்கவாட்டில் இருக்குமாறு கட்டினால் இழுக்கத் தொடங்கியதும் கட்டை உருளும். அடிமரக் கட்டையில் சிக்கிக்கொண்ட மரத்தை விடுவிக்கத் தேர்ந்தவர்கள் இந்த உருளலையே பயன்படுத்துகிறார்கள். மரம் விழும் திசையையே பாதைக்குச் சாய்வாக அமையும்படி வெட்டியிருந்தால், சிக்கலில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். வெட்டுபவரும் இழுப்பவரும் ஒருவரே என்பதால், சிறு பண்ணையில் இந்த ஒழுங்கு பெரிய நிறுவனங்களைவிடச் சிறப்பாக அமைவதும் உண்டு.

கட்டைகள் தகட்டருகே வந்தபின் சங்கிலிகளைத் தகட்டின் மேலுள்ள பிளவுகளில் மாட்டி, ஹைட்ராலிக்கை உயர்த்தினால், கட்டைகளின் முன்முனை தரையிலிருந்து எழும்ப, வால் மட்டும் இழுபட, டிராக்டர் பாதை வழியே புறப்படலாம். இந்த நிலையில் பின்னால் தொங்கும் சுமை முன் அச்சை இலேசாக்கிவிடுகிறது. வண்டியின் வெற்று எடையில் குறைந்தது 20 விழுக்காடாவது முன் சக்கரத்தில் இருந்தால்தான் திருப்பினால் திரும்பும் என்பது பொது விதி. அதற்காகவே முன்பக்கம் எடைக்கட்டிகள் மாட்டப்படுகின்றன.

வேலை நடக்கும்போது எங்கே நிற்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இறுகிய வடம் அறுந்தால் அது வந்த திசையில் சாட்டையாகச் சுழன்று திரும்பும். கப்பியில் வளைந்த வடமாக இருந்தால், கப்பியோ நாடாவோ விட்டுப்போகும் நொடியில் வளைவின் உட்பக்கம் முழுவதையும் அது வீசியடிக்கும். ஆகவே வடத்தின் நேர்கோட்டிலும் வளைவின் உட்புறத்திலும் யாரும் நிற்கக் கூடாது. கட்டை உருளக்கூடிய சரிவின் கீழ்ப்பக்கத்திலும் நிற்கக் கூடாது. மேலே உள்ள பாதையில் டிராக்டரை நிறுத்திக் கீழிருந்து மேலே இழுப்பதே இயல்பான முறை. மேலிருந்து கீழே இழுத்தால் கட்டை தானே சறுக்கி வண்டியின் மேல் பாயலாம்.

2014 ஜனவரி இறுதியில் ஸ்லொவேனியாவில் தொடங்கிய உறைமழை, கிளைகளில் பனிக்கட்டியாகப் படிந்து, 90 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட மரத்தை முறித்துப்போட்டது. பாதி ஒடிந்தும், வில்லாக வளைந்தும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் கிடந்த அந்த மரங்களை அருகில் போய் ரம்பத்தால் அறுப்பது மிகக் கொடிய வேலை. எந்தப் பக்கம் எந்த நார் இறுகி நிற்கிறது என்று கணிப்பது அனுபவசாலிக்கும் கடினம். சாய்ந்து தொங்கும் மரத்தை வடத்தால் தொலைவிலிருந்து இழுத்துத் தரையில் கிடத்திய பிறகே அறுக்க முடிந்ததால், வின்ச் அங்கே உயிர்காக்கும் கருவியாகவும் ஆயிற்று. அடுத்து வந்த பட்டை வண்டின் பெருக்கம் ஸ்ப்ரூஸ் மரங்களைத் தாக்கியபோது, பட்டைக்கடியில் முட்டையிட்ட வண்டின் அடுத்த தலைமுறை சில வாரங்களில் பறந்து வெளியேறுமுன் மரத்தைக் காட்டிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. அந்த அவசரத்திலும் பாதையில்லாத சரிவுகளில் கைகொடுத்தவற்றுள் பண்ணை டிராக்டர் வின்ச்சுகளும் இருந்தன. இந்தக் கருவிகள் அந்நாட்டிலேயே தயாராகின்றன. அவற்றுள் ஒன்றான க்ர்பான், குதிரையையே தூக்கி நகர்த்தியதாகச் சொல்லப்படும் கதைநாயகனின் பெயரைத் தாங்கியது.

அண்மைக்காலத்தில் இரும்பு வடத்துக்கு மாற்றாகச் செயற்கை இழைக் கயிறு பரவி வருகிறது. அதே வலிமைக்கு எடை பல மடங்கு குறைவு என்பதால் சரிவில் இழுத்துச் செல்வது எளிது. அறுந்த கம்பிநுனி கையுறையைத் துளைத்துக் கையைக் கிழிப்பதும் இல்லை. ஆனால் கூரிய பாறையில் உராய்ந்தால் விரைவில் தேய்ந்துவிடும். உராய்வின் வெப்பமும் அதற்கு ஆகாது. ஆகவே கல் நிறைந்த காட்டில் இரும்பு வடமே நீடிக்கிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் ரேடியோ வழி இயக்கம். கைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு டிராக்டரின் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தவர், இப்போது இடுப்பில் மாட்டிய சிறு பெட்டியுடன், கட்டையும் வடமும் ஒருசேரத் தெரியும் பாதுகாப்பான இடத்தில் நின்று இழுக்கலாம். விரலை எடுத்த நொடியில் உருளை நின்று பிரேக் பிடித்துக்கொள்ளும். தனியாளாக வேலை செய்யும் விவசாயி, கட்டை எங்கே சிக்கியது என்று பார்க்க முன்னும் பின்னும் ஓடுவதும் இதனால் மிச்சமாகிறது. சிறிய டிராக்டர் வைத்திருப்பவர் புதிய வின்ச் வாங்கும்போது, மூன்றரை டன்னுக்குப் பதில் ஐந்தரை டன் வாங்கக் கூடுதலாகச் செலவிடும் பணத்தை, வண்டியின் எடைக்கு ஏற்ற சிறிய வின்ச்சோடு ரேடியோ இயக்கமும் ஒரு நல்ல கப்பியும் வாங்கச் செலவிடுவதே சரியான தேர்வு.