வீட்டில் தச்சுப் பட்டறை: இயந்திரம் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மின்ரம்பம், ரூட்டர், துளையிடும் கருவி ஆகியவை இன்று இணையவழியில் பதிவு செய்த ஓரிரு நாள்களில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. இதனால், ஓய்வுநேர மரவேலையில் ஆர்வம் கொண்டோர் பலர் முதலில் இயந்திரங்களை வாங்கிக் குவித்துவிட்டு, அதன் பிறகே அவற்றை எங்கே வைப்பது, எப்படி இயக்குவது என்று யோசிக்கத் தொடங்குகின்றனர். நல்ல பட்டறைக்கு இதன் நேர்மாறான வரிசையே பொருந்தும். இடம், மின்இணைப்பு, தூசு வெளியேற்றம், கைக்கருவிகள், உலர்ந்த மரம் ஆகியவற்றுக்குப் பிறகே பெரிய இயந்திரங்கள் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் வீணாவதோடு விரல்களுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து நேரலாம்.

இடம் எவ்வளவு தேவை?

இந்தியச் சந்தையில் ஒட்டுப்பலகை எனப்படும் பிளைவுட் பெரும்பாலும் 8 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட தகடுகளாகவே விற்கப்படுகிறது. பட்டறையின் அளவைத் தீர்மானிப்பது இந்தத் தகடுதான். மேசை ரம்பத்தில் ஒரு முழுத் தகட்டை நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால், ரம்பத்துக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் காலியாக இருக்க வேண்டும். நகரத்து வீடுகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது.

இதற்கு எளிய மாற்றுவழி உண்டு. தகட்டைத் தரையில் தெர்மாகோல் அட்டைகளின்மீது கிடத்தி, நேர்கோட்டுச் சட்டம் ஒன்றை வழிகாட்டியாகப் பொருத்தி, கையில் பிடித்து இயக்கும் வட்ட ரம்பத்தால் முதலில் சிறு துண்டுகளாக்கிக்கொள்ளலாம். இந்த முறையைக் கையாண்டால் 10 அடிக்கு 12 அடி அறையோ, கார் நிறுத்தும் கொட்டகையோ வீட்டுப் பட்டறைக்குப் போதுமானது.

தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்வது இந்தியத் தச்சர்களின் நெடுநாள் வழக்கம். புதிதாகத் தொடங்குவோருக்கு அசையாத வேலைமேசையே பாதுகாப்பானது. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரமே மேசைக்கு ஏற்ற உயரம். பெரும்பாலானோருக்கு இது 32 முதல் 36 அங்குலத்துக்குள் அமையும். மேசை கனமாக இருப்பது முக்கியம். இழைப்புளியால் தள்ளும்போது மேசை நகர்ந்தால் எந்த வேலையும் நேராக வராது.

மின்இணைப்பில் சிக்கனம் கூடாது

வீடுகளுக்கு வழங்கப்படும் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில், 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று ஏறத்தாழ 3,680 வாட் வரை தாங்கும். 2 குதிரைத்திறன் மோட்டார் இயங்கும்போது சுமார் 1,500 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தொடங்கும் கணத்தில் இதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே ரம்பத்தையும் தூசு உறிஞ்சியையும் ஒரே இணைப்பில் பொருத்தாமல், இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு அமைப்பது நல்லது.

மின்கசிவு 30 மில்லியம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும், முறையான நிலத்தொடர்பும் கட்டாயம் தேவை. மெல்லிய நீட்டிப்புக் கம்பிகளைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். கம்பியின் உறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும். இந்த வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

வெளிச்சமும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. பழைய வகைச் சோக் பொருத்திய குழல்விளக்குகள், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு ஒளிர்பவை. அந்த ஒளியில், சுழலும் ரம்பம் நின்றிருப்பதுபோல் தோன்றும் வாய்ப்பு உண்டு. தரமான எல்.இ.டி. விளக்குகளை இரு பக்கங்களிலும் பொருத்தினால் இந்த மயக்கமும் கையின் நிழலும் தவிர்க்கப்படும்.

தூசு ஏன் ஆபத்தானது?

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசை மனிதர்களுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவுப் பொருளாக 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. மரத்தூசில் நீண்டகாலம் பணியாற்றியவர்களிடம் மூக்குப் பகுதியில் காணப்பட்ட புற்றுநோயே இதற்கு முக்கிய ஆதாரமாக அமைந்தது. வார இறுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு ஆபத்து குறைவு என்றாலும், மூடிய சிறு அறையில் தூசு விரைவில் அடர்ந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

கண்ணுக்குத் தெரியும் மரத்தூளைவிட, உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் நுண்தூசே நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. எனவே தூசு உண்டாகும் இடத்திலேயே அதை உறிஞ்சும் வகையில், இயந்திரத்தோடு நேரடியாக இணைக்கப்பட்ட உறிஞ்சி தேவை. துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசு மீண்டும் காற்றில் கலக்கும். ஐ.எஸ். 9473 தரக்குறியீடு கொண்ட முகக்கவசம் அணிவது அவசியம். சாதாரணத் துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் பயன் இல்லை.

முதலில் கைக்கருவிகள்

தொடக்கத்தில் தேவைப்படும் கைக்கருவிகள் மிகச் சிலவே. 6, 12, 18, 25 மில்லிமீட்டர் அகலங்களில் நான்கு உளிகள், ஓர் இழைப்புளி, ஒரு கைரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம், எஃகு அளவுகோல், சாணைக்கல், ஆறேழு கிளாம்ப்புகள் ஆகியவை இருந்தால் முக்காலியும் அலமாரியும் செய்துவிடலாம்.

மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதித்துப் பார்க்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு இழுத்து, பின்பு மட்டத்தைத் திருப்பி வைத்து அதே இடத்தில் மற்றொரு கோடு இழுக்க வேண்டும். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தினால் அது சரியான மட்டம். விலகினால் அந்த மட்டத்தால் செய்யும் ஒவ்வொரு சட்டமும் கோணும்.

உளியைத் தீட்டக் கற்றுக்கொள்வது பயிற்சியின் முதல் பாடம். வெட்டுமுனை 25 முதல் 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். மழுங்கிய உளிக்கு அதிக விசை தேவைப்படும். அந்த விசையில் உளி வழுக்கினால் எதிரே இருக்கும் கை காயப்படும்.

இயந்திரங்களும் ஆபத்தான குறுக்குவழிகளும்

மின்கருவிகளில் முதலில் துளையிடும் கருவி, அடுத்துக் கையடக்க வட்ட ரம்பம், பின்னர் ரூட்டர், இறுதியில் மேசை ரம்பம் என்ற வரிசை பொருத்தமானது. ஒவ்வொன்றையும் சில மாதங்கள் பயன்படுத்திப் பழகிய பிறகே அடுத்ததற்குச் செல்வது நல்லது.

நாட்டின் பல பகுதிகளில் பரவலாகக் காணப்படும் இரண்டு குறுக்குவழிகளை வீட்டுப் பட்டறையில் அறவே தவிர்க்க வேண்டும். ஒன்று, கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் வட்டைப் பொருத்துவது. மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுகள் அளவில் சுழல்கிறது. மரத்துக்கான கையடக்க வட்ட ரம்பத்தின் வேகமோ ஏறக்குறைய 5,000 சுற்றுகளே. அறுத்து முடித்ததும் பற்களைத் தானாக மூடும் கீழ்க்காப்பு மார்பிள் கட்டரில் கிடையாது. வட்டின்மீது அச்சிடப்பட்ட உச்ச வேகத்தை மீறிச் சுழற்றினால் பற்கள் தெறிக்கும் அபாயமும் உண்டு.

மற்றொன்று, வட்ட ரம்பத்தைத் தலைகீழாகப் பலகையின் அடியில் பொருத்தி, காப்புறையைக் கழற்றிவிட்டு மேசை ரம்பமாகப் பயன்படுத்துவது. முறையான மேசை ரம்பத்தில், அறுபட்ட பிளவு மீண்டும் மூடி வட்டைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்க, வட்டின் பின்னால் ஒரு பிளவுத்தகடு இருக்கும். அது இல்லாதபோது மரம் வட்டில் சிக்கி, இயக்குபவரை நோக்கி மிகுந்த வேகத்தில் திருப்பி வீசப்படும். அந்தக் கணத்தில் மரத்தோடு சேர்ந்து கையும் வட்டை நோக்கி இழுபடலாம். மேசை ரம்ப விபத்துகளுக்கு இந்த உதைப்பு ஒரு முக்கியக் காரணம்.

சிறு துண்டுகளை விரலால் தள்ளாமல் தள்ளுகோலைப் பயன்படுத்த வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை, துப்பட்டா, லுங்கி, தொளதொளப்பான சட்டைக் கை ஆகியவை கூடாது. வட்டை மாற்றும் முன் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும்.

மரம் வாங்குவதில் கவனம்

இந்தியாவில் அறுத்த மரம் பெரும்பாலும் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் கொண்ட பலகை ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். இழைத்த பின் தடிமன் குறையும் என்பதால், தேவையைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்க வேண்டும்.

விலையைவிட முக்கியமானது ஈரப்பதம். பல்வேறு பயன்பாடுகளுக்கான மரத்தில் அனுமதிக்கப்படும் ஈரப்பதத்தைக் கூறும் ஐ.எஸ். 287 தரநிலை, காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. 40 விழுக்காட்டுக்கும் குறைவான வறண்ட பகுதிகள் முதல் மண்டலம். 67 விழுக்காட்டுக்கும் மேலான பகுதிகள் நான்காம் மண்டலம். மும்பையின் மழைக்காலத்தில் செய்த மேசையை ஜோத்பூருக்குக் கொண்டுசென்றால், ஓரடி அகலப் பலகைகூட 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். பலகை அசைய இடமின்றி ஆணியால் இறுக்கப்பட்டிருந்தால் அது வெடித்துவிடும். எனவே வாங்கிய மரத்தை இடைக்கட்டைகள் வைத்து அடுக்கி, சில வாரங்களேனும் பட்டறையின் காற்றுக்குப் பழகவிடுவது நல்லது.

இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தேக்கு நன்கு உலர்ந்தது. விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் உள்ளே புதைந்துள்ள ஆணிகளை உலோகம் கண்டறியும் கருவியால் தேடி எடுத்த பின்னரே அறுக்க வேண்டும். ரப்பர் மரத்தையும் மாமரத்தையும் பூச்சி எளிதில் தாக்கும் என்பதால், போரான் மருந்து ஏற்றப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய மரத்துக்கான ரசீதைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

தீயும் ஓசையும்

ஆளி விதை எண்ணெய் கலந்த மெருகுப் பூச்சைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறி, எவரும் பற்றவைக்காமலே துணி தீப்பிடிக்கும். மரத்தூள் நிறைந்த அறையில் இது பெரும் விபத்தாகலாம். அத்துணிகளை வெளியில் விரித்து உலர்த்தலாம். அல்லது நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் வைக்கலாம். வாசலருகே உலர்தூள் வகைத் தீயணைப்பான் ஒன்றும் இருக்க வேண்டும்.

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாகும். மின்ரம்பத்தின் அருகே ஓசை 90 டெசிபலைத் தாண்டும் என்பதால், இயக்குபவர் காதுக்காப்பு அணிவதும், அண்டை வீட்டாருக்கு இடையூறில்லாத நேரத்தைத் தேர்வதும் தேவை.

தொழிலாகச் செய்வோருக்கு உதவி

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களில் தச்சும் ஒன்று. குடும்ப வழியிலான பாரம்பரியத் தொழிலில் சுயமாக ஈடுபடும், 18 வயது நிறைந்தவர்களுக்குப் பயிற்சியும், கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் ரூபாய் எனப் பிணையில்லாக் கடனும் இதில் வழங்கப்படுகின்றன. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இந்த உதவி கிடைக்கும். பொழுதுபோக்காக மரவேலை செய்வோருக்கு இத்திட்டம் பொருந்தாது.

பட்டறைக்கு ஒதுக்கும் தொகை எவ்வளவாக இருப்பினும், அதன் முதல் பகுதி மின்இணைப்புக்கும் தூசு உறிஞ்சிக்கும் கண், காது, மூச்சுப் பாதுகாப்புக்கும் செல்ல வேண்டும். எஞ்சிய தொகையில் கைக்கருவிகளை வாங்கி, அவற்றால் ஒரு வேலைமேசையைச் செய்து முடிப்பதே சிறந்த தொடக்கம். அடுத்துத் தேவைப்படும் இயந்திரம் எது என்பது, அந்த மேசையைச் செய்து முடிப்பதற்குள் தானாகவே தெரிந்துவிடும்.